அஞ்சு மணிக்குள்ள ஒரு கட்டில்

இல்ல தம்பி, மன்னிப்பெல்லாம் நீங்க கேக்க வேணாம், தப்பு என்மேலதான். ஞாயித்துக்கிழமை மத்தியானம் மேல்வீட்டுக்காரன் சுத்தியல எடுத்து டமால் டமால்னு அடிச்சா யாருக்குத்தான் எரிச்சல் வராது. உங்க இடத்துல நான் இருந்திருந்தா படியேறும்போதே கத்த ஆரம்பிச்சிருப்பேன். நீங்க தங்கமான ஆளு, கதவத் தட்டிட்டு நின்னீங்க. வந்ததுதான் வந்தீங்க, அந்தக் கட்டில் சட்டத்தோட முனைய கொஞ்சம் பிடிச்சுக்குங்களேன். ஒத்த ஆளா செய்யுற வேலையா இது. ஆங், அப்படியே. செருப்பக் கழட்டாதீங்க, தரையில ஆணி கிடக்கும்.

அவசரமான்னா, அவசரம்தான். அஞ்சு மணி பஸ்ல என் பொண்ணு வர்றா, கைல எட்டு மாசக் குழந்தை. அது எப்படிப்பட்ட ஆளுன்னா, பக்கத்து ரூம்ல ஒருத்தர் கொட்டாவி விட்டாலே முழிச்சுக்குமாம். ஒரு மணி நேரம் தட்டித் தட்டித் தூங்க வச்சு, இந்தக் கட்டில்ல போட்டுட்டு இவ மெல்ல எந்திரிக்கிறான்னு வைங்க. கிறீச்னு ஒரு சத்தம். போச்சு, மறுபடி முதல்லேர்ந்து. என் வீட்டுக்காரி பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்புறப்ப சொல்லிட்டுப் போயிருக்கா, நான் அவங்களக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள ஒண்ணு கட்டில் வாய மூடணும், இல்ல நீங்க மூடிக்கணும்னு.

சிரிங்க, சிரிங்க. நான் முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தவன். பதினாலு மாடி ஏறி இறங்குற பொட்டியவே முனகாம ஓட வச்சிருக்கேன். நாலு கால ஊனிக்கிட்டு ஒரே இடத்துல நிக்கிற சாமான் என்னை வச்சு செய்யுது.

பண்ணாத வைத்தியம் இல்ல. தையல் மிஷின் எண்ணெய் விட்டேன், குடிச்சுட்டு இன்னும் தெம்பா கத்துச்சு. மெழுகுவத்திய தேய்ச்சேன். முகத்துக்குப் போடுற பவுடரப் போட்டேன், வீட்டுக்காரி எட்டிப் பாத்துட்டு, கண்மையும் எடுத்துட்டு வரவான்னு கேக்குறா. பலகைக்கு அடியில அட்டைய வெட்டி வச்சேன். போல்ட்ட இன்னொரு சுத்து, இன்னொரு சுத்துன்னு முடுக்கி ஒண்ணுல மரையே போயிடுச்சு. கடைசியில தரைதான் மேடு பள்ளம்னு தரைமேல பழியப் போட்டேன். அதுவும் பாவம், எவ்வளவுதான் தாங்கும்.

என்ன தம்பி? எங்க? இருங்க, கண்ணாடிய மாட்டிக்கிறேன். ஆமா, கோடு. உளியால வெட்டுன கோடு. கால்ல ரெண்டு கோடு, சட்டத்துல நாலு. அந்தப் பக்கம்? கால்ல மூணு, சட்டத்துல ஒண்ணா? அட கடவுளே. தச்சர் மூலைக்கு மூலை அடையாளம் போட்டு வச்சிருக்கார், எதோட எது சேரணும்னு. நான் இடது சட்டத்த வலதுல மாட்டி, வலத இடதுல மாட்டி வச்சிருக்கேன். கையால செதுக்குனதாச்சே, எல்லா முனையும் எல்லாத் துளையிலயும் நுழையும், ஆனா கச்சிதமா உக்காராது. காலைலேர்ந்து இதுமேல உருண்டு பெரண்டிருக்கேன், என் கண்ணுல படல. நீங்க வந்து பத்து நிமிஷம் ஆகல.

கழட்டிருவோம். மணி நாலு இருபது, முடியும். அந்த போல்ட்ட நீங்க பாருங்க, மெதுவா. ரெண்டு சட்டத்தையும் இடம் மாத்தி வைங்க. ஒண்ணுக்கு ஒண்ணு, நாலுக்கு நாலு. பாத்தீங்களா, சுத்தியலே வேணாம், தானா உள்ள போய் உக்காருது.

கழட்டுனவன் கோட்டப் பாக்கலையாவா? பாக்கல தம்பி. பாக்குற நிலைமையில அவன் இல்ல. யாரு, நான்தான். என் பொண்ணு தனக்குப் பிடிச்ச பையனக் கட்டிக்கிட்டுப் போனாளே, அன்னிக்கு சாயங்காலம். இனிமே இந்த வீட்ல அவளுக்குப் படுக்க இடம் கிடையாதுன்னு கத்திக்கிட்டே பிரிச்சுப் போட்டுப் பரண்ல ஏத்துனேன். நாலு வருஷம் ஆச்சு. அப்புறம் அவகிட்ட ஒரு வார்த்தை பேசல. குழந்தை பிறந்தத வீட்டுக்காரி வந்து சொன்னப்ப, பேப்பர விரிச்சு மூஞ்சிய மறைச்சுக்கிட்டேன். அதுல என்ன போட்டிருந்துச்சுன்னு எனக்கு ஒரு எழுத்து தெரியாது.

போன வாரம் அவங்கம்மாகிட்ட போன்ல கேக்குறா, என் கட்டில் இன்னும் இருக்காம்மான்னு. ஸ்பீக்கர்ல போட்டிருந்துச்சு. வீட்டுக்காரி என் மூஞ்சியப் பாக்குறா. நான், இருக்குன்னு சொல்லுன்னேன். கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டேன், அந்தப் பக்கம் கேட்டிருக்கும். அப்புறம்தான், வர்றேன்னா.

சரி, முடிஞ்சுது, மணியும் அஞ்சு தாண்டிடுச்சு. ஏறி உக்காருங்க. நல்லா குதிங்க. இன்னொரு தடவை. ஒண்ணும் கேக்கலல்ல? எனக்குத்தான் காது மந்தமோன்னு பாத்தேன்.

கீழ கேட்டத் திறக்குறாங்க பாருங்க, அவங்கதான். போயிடாதீங்க தம்பி, கொஞ்சம் கூட நில்லுங்க. வந்ததும் என்ன பேசுறதுன்னு ஒரு வாரமா யோசிக்கிறேன், ஒண்ணும் வரல. கட்டில் சத்தம் போடாதும்மா, போய்ப் படுத்துக்கோன்னு சொல்லலாம்னு இருக்கேன். அது போதும்ல?