மூளைக்கு எந்த ளை

குறுக்கெழுத்துப் புதிர் போடுகிறவனை யாரும் புகழ மாட்டார்கள். விடை வந்தால் தங்கள் கெட்டிக்காரத்தனம் என்பார்கள். வராவிட்டால் புதிரே தப்பு என்பார்கள். அதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது.

பழகாதது அண்ணன்தான். நான் புதிர் போடும் வார இதழிலேயே அவர் ப்ரூஃப் பார்ப்பவர். அச்சுக்குப் போகுமுன் என் கட்டங்கள் அவர் மேசைக்குப் போக வேண்டும். சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றுவதற்குள் மனதிலேயே எல்லாவற்றையும் நிரப்பிவிடுவார். பிறகு அறைக்கே கேட்கும்படி, "ஏன்டா தம்பி, பெரியவங்க மண்டையைக் குடையணும்னு போட்டியா, இல்ல எல்.கே.ஜி. பிள்ளைங்களுக்கா?" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வயிறு எரியும்.

ஒரு வாரம் அவருக்கென்று தனியாக ஒரு ப்ரூஃப் எடுத்தேன். இடமிருந்து வலம்: 'குலை தள்ளியதும் வெட்டிவிடுவார்கள்.' மேலிருந்து கீழ்: 'தலைக்குள் இருக்கும், சிலருக்கு இருக்காது.' வாழை, மூளை. இரண்டும் ஒரே கட்டத்தில் முடிந்தன. ழை போட்டால் மூளை கெடும். ளை போட்டால் வாழை கெடும்.

"இதுல தப்பு இருக்குடா" என்றார்.

"இருக்காதேண்ணா" என்று தாளை வாங்கிக்கொண்டேன்.

இதழ் வந்ததும் அவசரமாகப் புரட்டினார். அதில் வாழையே இல்லை. 'வண்டி இழுக்கும்' என்றுதான் இருந்தது. காளை. மூளையோடு கச்சிதமாகப் பொருந்தியது.

"அன்னிக்கு வாழைன்னுல்ல பார்த்தேன்?"

"காளைதாண்ணா. நீங்க சரியா தூங்கறதில்லையா?" அக்கறையாகத்தான் கேட்டேன்.

நான் செய்தது அவ்வளவுதான். அதையே வாராவாரம் செய்தேன். எழுத்து இடம் மாறிக் கிடந்தால் 'குழம்பியிருக்கிறது' என்று நாங்கள் குறிப்புக் கொடுப்போம். அண்ணன் அப்படித்தான் ஆனார். கட்டுரைகளில் சரியாக இருந்ததையெல்லாம் அடித்துத் தப்பாக்கினார். ஒருநாள் என்னை அருகில் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "மூளைக்கு எந்த ளைடா?" என்றார்.

"அதுகூடவாண்ணா மறந்துபோச்சு?" என்றேன், அறைக்கே கேட்கும்படி. அன்று யாரும் சிரிக்கவில்லை.

வேலை வேண்டாமென்று அவராகவே எழுதிக் கொடுத்துவிட்டார். மாத்திரைகள் வந்தன. இப்போது வாசல்வரைகூட வருவதில்லை. புதிர்க் கட்டங்களை நிரப்பினால் மூளைக்கு நல்லது என்று டாக்டர் சொன்னாராம். "தம்பி, உங்களை விட்டா எங்களுக்கு யாரு?" என்று அண்ணி கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதனால் ஞாயிறுதோறும் போகிறேன்.

போன வாரம் சுத்தமான புதிர்தான் கொண்டுபோனேன். குழந்தைகளுக்குப் போட்டது, எந்தப் பொடியும் வைக்கவில்லை. அண்ணன் வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, 'மூழை' என்று எழுதினார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "சரியாடா?" என்றார்.

அவருடைய சிவப்புப் பேனா மேசையில்தான் இருந்தது. எடுத்துச் சுழித்துத் திருத்தினேன். கூடப் பிறந்தவர் தப்பாக எழுதுவதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருக்க முடியும், சொல்லுங்கள்.