டிரைவரை மாத்தணும்

தியாகதுருகத்தில் ஏறி என் முன் சீட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்த பெண், போனில் தோழியிடம் சொன்னாள்: "இந்த பஸ்ஸு சரியில்லடி. எறக்க வேண்டிய எடத்துல எறக்காம தாண்டிப் போவுது. டிரைவர மாத்தணும். இன்னிக்கே எழுதி அனுப்பிடறேன்."

டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த கண்டக்டரின் கை அப்படியே நின்றது.

"ஏம்மா, அவரு நிறுத்த மாட்டாருதான். அதுக்காக ஒரு மனுசன் வேலைக்கே வேட்டு வெப்பியா?"

"ஐயோ, உங்க பஸ்ஸு இல்லண்ணா. கம்ப்யூட்டருக்குள்ள தகவல் போற பாதைக்கும் பஸ்ஸுன்னுதான் பேரு. அத ஓட்டுற புரோகிராம்தான் டிரைவரு."

"இந்த கம்ப்யூட்டர்லயா?"

"இல்லண்ணா, அந்த கம்ப்யூட்டர இன்னும் செய்யவே இல்ல. செஞ்சா எப்படி ஓடும்னு இதுல ஓட்டிப் பாக்கறோம். அந்த புரோகிராம யாரு வேணும்னாலும் எடுத்துத் திருத்தலாம். நல்லா இருந்தா சேத்துக்குவாங்க."

"இன்னா தருவாங்க?"

"ஒண்ணும் கெடயாதுங்க."

"இல்லாத பஸ்ஸ, சும்மாவே ரிப்பேர் பாக்கற."

"ஆமாங்க."

கண்டக்டர் அவளுக்கு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். பிறகு முன்னால் போனார்.

"இன்னாவாம்?" என்றார் டிரைவர், திரும்பாமல்.

"உன்னத்தான்பா மாத்தணுமாம். கம்ப்ளெயிண்டு இன்னும் எழுதலயாம். பாத்துக்கினு இருக்குது."

அதற்கப்புறம் கள்ளக்குறிச்சி வரை, கை காட்டிய எல்லோருக்கும் பஸ் நின்றது. புளியமரத்தடியில் சும்மா தலையைச் சொறிந்துகொண்டிருந்த ஒருவருக்கும் நின்றது.