மாமா கொடுத்த லேப்டாப்

"ஹலோ... ஆமா, அக்காதான். ... கத்தாதேடா, கத்தாம சொல்லு. ... ஆமா, ஆமா, பொண்ணுதான் உன் ஆபீசுக்குப் போன் பண்ணினா. எனக்கும் இப்பத்தான் சொன்னா."

ஆஸ்பத்திரி மருந்து ஸ்டோரிலிருந்து அவள் அப்போதுதான் வந்திருந்தாள். மகள் உள்ளே லேப்டாப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தம்பியின் சத்தம் அவள் காதுக்கு எட்ட வேண்டாமென்று கதவைச் சாத்திவிட்டு, இவள் மாடிப்படியில் உட்கார்ந்தாள்.

"எதுக்குப் பண்ணினாளா? நீ குடுத்தது தெறக்கறதுக்கே அரை மணி நேரம் ஆகுதுடா. ... பழசுன்னு சொன்னே, இல்லங்கல. தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதுன்னு நானும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். பழைய மிஷினுக்கு விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போட்டா நல்லா ஓடும், காசும் வேணாம்னு க்ளாஸ்ல சொன்னாங்களாம். பென்டிரைவ்ல ஏத்திக்கிட்டு வந்து சொருகினா. அது பாஸ்வேர்டு கேட்டுது. உன் பிறந்த நாளைப் போட்டா, கல்யாண நாளைப் போட்டா... ம்ஹூம். சரி, அதுலயே முதல் தடவையா நெட்டைப் போட்டு வழி தேடலாம்னு பாத்தா, 'இது காணாமப் போன லேப்டாப், கெடச்சவங்க இந்த நம்பருக்குச் சொல்லுங்க'ன்னு உன் ஆபீஸ் பேரோட திரை முழுக்க வந்து நின்னுடுச்சு. ஏதோ தப்பா வருது, மாமா பேரைச் சொன்னா தெறந்து விட்டுடுவாங்கன்னு நெனைச்சுட்டா. 'எங்க மாமா குடுத்தது'ன்னு பெருமையா வேற சொல்லியிருக்கா."

மறுமுனையில் சத்தம் அடங்கியது. அது அடங்கியதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. தப்புச் செய்தால்தான் அவன் குரல் இறங்கும். சின்ன வயதிலிருந்தே அப்படி.

"என்னது? ... பஸ்ல தொலைச்சுட்டேன்னு ஆபீஸ்ல சொன்னியா? ... புதுசு வாங்கறதுக்கா? ... அடப்பாவி! பழசையெல்லாம் சும்மாவே குடுக்கறாங்கன்னியே. மருமகளுக்கு மாமாவோட பரிசுன்னு போட்டோ பிடிச்சு குடும்ப குரூப்ல போட்டியே. நாப்பது பேர் கை தட்டினாங்க. ... அந்தப் போட்டோவை அழிச்சிட்டியா? எப்ப? ... இன்னிக்கா?"

"ம்... ம்... இரு. திருப்பிச் சொல்லு. ... நானா? உன் வீட்டுக்கு வந்தப்ப, உனக்குத் தெரியாம, நான் பையில போட்டுக்கிட்டு வந்துட்டேன்னு சொல்லணுமா?"

ஆத்திரத்தில் நாக்கு குழறியது.

"வாய்தானே, சொன்னா என்னவா? டேய், மருந்து ஸ்டோர் சாவி என் கையிலடா. பதினாறு வருஷமா ஒரு மாத்திரை குறைஞ்சதில்ல. திருடிங்கற சொல் அங்க எட்டினா மறுநாளே சாவியை வாங்கிடுவாங்க. ... ஆமா, உன் வேலையும் போகும். போகட்டும்னு நான் சொல்லல. ... குடும்பத்துக்குள்ள நடந்ததுன்னு விட்டுடுவாங்களா? யார் சொன்னா? ... உன் வீட்டுக்காரியா? நல்லாத்தான் சொன்னா. அவளே எடுத்தேன்னு சொல்லிக்கட்டுமே!"

"நீ ஒடைச்ச ரேடியோவுக்கு நான் அடி வாங்கினேனே, ஞாபகம் இருக்கா? அப்ப எனக்குப் பதினோரு வயசு. இப்ப நாப்பத்தேழு. அப்பாகிட்ட அடி வாங்கறதும் ஊர் வாயில விழறதும் ஒண்ணாடா?"

அவன் அழுவது கேட்டது. பாழாய்ப்போன மனசு, அதற்கும் இளகியது.

"சரி, சரி. மூக்கைச் சிந்து. நாளைக்கு நானும் வர்றேன். லேப்டாப்பை நாமளே கொண்டு போய்க் குடுப்போம். உண்மையைச் சொல்லிடு, நான் பக்கத்துல நிக்கறேன். ... ஏன்? ... ஏன் முடியாது?"

அவள் படியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"மத்தியானமே ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டியா. ... என் பேரை. ... நான் வேலை பாக்கற எடத்தையுமா? ... அப்புறம் எதுக்குடா இவ்வளவு நேரம் என்கிட்ட கெஞ்சினே? ... ஓ. கேட்டா நானும் அதையே சொல்லணும்."

"... இல்ல. அழல. ... அழலன்னு சொல்றேன்ல."

கதவு திறந்தது.

"இதோ, உன் மருமக வந்து நிக்கறா. மாமா பாஸ்வேர்டு சொல்லிட்டாரான்னு கேக்கறா. நான் என்னன்னு சொல்ல? நீயே சொல்லு. உங்கம்மா திருடின்னு ஆபீசுக்கு எழுதத் தெரிஞ்சுதுல்ல, அதை உன் வாயால அவகிட்டயும் சொல்லு. இந்தா, குடுக்கறேன், பேசு... ஹலோ? ... டேய்... ஹலோ?"