முதலில் கவனித்தவள்

உங்கள் ஸ்டேஷன் டீயில் இஞ்சி கொஞ்சம் தூக்கல், இன்ஸ்பெக்டர் சார். ஆனாலும் எங்கள் கேன்டீன் டீக்கு இது எவ்வளவோ மேல். நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு அவசரமில்லை.

பெயர் சோபனா. தர்மபுரியில் ஒரு தனியார் மருத்துவமனை ஐ.சி.யூ.வில் கிளினிக்கல் நர்ஸ் ஸ்பெஷலிஸ்ட். வாயில் நுழையாத பதவி. என் மாமியார் இன்றுவரை ‘பெரிய நர்ஸு’ என்றுதான் சொல்கிறார். நோயாளி மோசமாகப் போவதை மற்றவர்களுக்கு முன்னால் கண்டுபிடிக்க வேண்டும், டாக்டர் வரும்வரை தாங்கிப்பிடிக்க வேண்டும், அந்த வித்தையைப் புது நர்ஸுகளுக்கும் சொல்லித்தர வேண்டும். அவ்வளவுதான் வேலை.

சொல்லித்தருவதில்தான் சிக்கல். ரப்பர் பொம்மையைக் கட்டிலில் கிடத்தி, இவருக்கு மூச்சுத் திணறுகிறது என்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒருத்தி பொம்மைக்குப் பொட்டே வைத்துவிட்டாள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் பொம்மைக்கு உதடு நீலமாகாதே, சார்.

அதனால் ஆட்களிடமே காட்ட ஆரம்பித்தேன்.

முதலில் தீர்த்தன். வத்தல்மலையில் சாமை விதைக்கிறவர். நிமோனியாவில் வந்து நன்றாகத் தேறிக்கொண்டிருந்தார். மானிட்டரின் சத்தத்தை அணைத்துவிட்டுச் சுவரிலுள்ள ஆக்சிஜன் திருகைக் கொஞ்சம் இறக்கினேன். பிள்ளைகள் ஒருவரும் கவனிக்கவில்லை. நானே கூப்பிட்டு, நெற்றி வியர்ப்பதைப் பாருங்கள், கழுத்துக்குழி உள்ளே போவதைப் பாருங்கள் என்று காட்டிவிட்டுத் திருகைத் திறந்து அவரை மீட்டேன். அருமையான வகுப்பு. கண் விழித்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க இல்லீன்னா எங்கூட்டுக்காரி தாலி அறுத்திருப்பாளுங்க சிஸ்டர்” என்றார். ஊருக்குப் போனதும் மலைத்தேன் கொடுத்தனுப்பினார்.

பிறகு இன்னும் சில வகுப்புகள். எல்லோரும் பிழைத்தார்கள். “சோபனாவுக்கு மூணாவது கண்ணு இருக்குது” என்று டாக்டர் மாதவராஜ் மீட்டிங்கில் சொன்னபோது கைதட்டினார்கள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

மாதம்மாள் விஷயத்துக்கு வருகிறேன். பாப்பாரப்பட்டிக்காரர், வாய் ஓயாத அம்மாள். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்தபடியே பக்கத்துக் கட்டில்காரரின் மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்துவிட்டார். அன்று மதியம் அவர் மகன் அர்ச்சுனன் கதவோரம் நின்று கேட்டான்.

“ஆத்தாவ நாளைக்கு வூட்டுக்குக் கூட்டிட்டுப் போலாங்களா சிஸ்டர்?”

“தாராளமா கூட்டிட்டுப் போங்க, வீட்டுல ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் மட்டும் வச்சுக்கங்க” என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அவன் சாப்பிடப் போனான், அம்மாள் கண்ணயர்ந்தார். பாடத்தைச் சற்றுக் கடினமாக்கலாம் என்று தோன்றியது. வழக்கம்போல மானிட்டரின் சத்தத்தை அணைத்துவிட்டு, இந்த முறை திருகை முழுக்க மூடினேன்.

பிரியதர்ஷினி அரூரிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த பெண். கடைசிக் கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். சத்தமில்லை, யாரும் கூப்பிடவுமில்லை. தலையைத் திருப்பிப் பார்த்தவள் விரிப்பைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

“மேடம், உதடு நீலமாவுதுங்க. ஆக்சிஜன் மூடிக் கெடக்குதுங்க.”

சொல்லிக்கொண்டே திருகுக்குக் கையை நீட்டினாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“இரு, நான் பாத்துக்கறேன்.”

“மேடம், கைய விடுங்க.”

விடவில்லை. நான் வழக்கமாகத் திறக்கும் கட்டம் இன்னும் வரவில்லை. அது வந்ததும் திறந்தேன். நெஞ்சை அழுத்தினேன், டாக்டரை அழைத்தேன், எல்லாம் முறைப்படிதான். அந்த அம்மாளுக்கு உயிர் திரும்பவில்லை.

அர்ச்சுனனிடம் நானே போய்ச் சொன்னேன், அதுவும் என் வேலைதான். கேவிக் கேவி அழுதான். “நீங்க உங்களால முடிஞ்சதச் செஞ்சீங்க சிஸ்டர்” என்று என்னையே தேற்றினான்.

நீங்கள் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சொல்லித்தரத்தான் செய்தேன் என்கிறாய், அந்தப் பெண்தான் கற்றுக்கொண்டுவிட்டாளே, பிறகு ஏன் கையைப் பிடித்தாய் என்று. நியாயமான கேள்வி. பிரியதர்ஷினியைப் போல ஒருத்தி உருவாக வேண்டும் என்றுதான் நான் இத்தனை பாடுபட்டேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் கவனிக்கலாம், ஓடி வரலாம், என்னிடம் சொல்லலாம். திருகையும் அவளே திறந்துவிட்டால், சார், அப்புறம் அந்த வார்டில் நான் எதற்கு?