‘கலாபம்’ ஒலிநாடா விஷயமாக

என் பெயர் விசாலாக்ஷி. வயது இருபத்தெட்டு. தகப்பனார் பெயர் வெங்கிடராமன். மட்டாஞ்சேரி அரண்மனை ரோட்டில் குடியிருக்கிறேன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. அது இந்த வழக்குக்கு வேண்டியதில்லை என்று சொன்னேன், இருந்தாலும் கேட்டதால் சொல்கிறேன். மலையாளம் நன்றாகப் படிப்பேன், எழுதுவேன். தமிழ் வீட்டில் பேசுவது, எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்க நான் அனுமதி கேட்டதன் பேரில் தேவிகுளத்துக்காரரான ஏட்டு முத்துராமலிங்கம் இதை எழுதுகிறார். வழக்கே ஒரு தமிழ்ச் சொல்லைப் பற்றியது என்பதால் அப்படிக் கேட்டேன்.

மஜீத் என்பவரை எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து தெரியும். பஜார் ரோட்டில் அவருடைய தகப்பனாருக்குக் கயிறும் தார்ப்பாயும் விற்கும் கடை இருக்கிறது, அதை இப்போது அவர்தான் பார்த்துக்கொள்கிறார். அவர்கள் வீட்டிலும் எங்களைப் போலத் தமிழ்தான் பேசுவார்கள், ஆனால் அவருக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அவர் கிதார் வாசிப்பார், நான் பாடுவேன், சில பாட்டுகளை இரண்டு பேரும் சேர்ந்து பாடுவோம். எங்களுக்குள் வேறு ஏதாவது உண்டா என்று இன்று காலையில் ஒரு போலீஸ்காரர் கேட்டார். பாட்டு உண்டு, சண்டை உண்டு, அவர் மனைவி சகீலா போட்டுத் தரும் சாயா உண்டு. வேறு ஒன்றும் இல்லை.

என் அம்மா லோகாம்பாள் காவடிச் சிந்து நன்றாகப் பாடுவாள். அந்த மெட்டுகளுக்கு மஜீத் கிதாரில் வேறொரு நடை போட்டு, அதற்கு நாங்களே புதிதாக வார்த்தை கட்டிப் பாடுவது எங்கள் வழக்கம். வாசகசாலை ஆண்டு விழாக்களிலும் கல்லூரிகளிலும் பாடியிருக்கிறோம். அதன் பிறகு, பாடியது காற்றோடு போக வேண்டாம் என்று, ஒன்பது பாட்டுகளைச் சேர்த்து ஒலிநாடாவாகப் பதிவு செய்யத் தீர்மானித்தோம்.

சர்க்கார் விரோதமான பாட்டா என்று கேட்டதற்குச் சொல்கிறேன். சில பாட்டுகளில் அரசியல் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் பாட்டுகள் கோபித்துக்கொள்ளும்.

வழக்குக்குக் காரணமான பாட்டு சென்ற வருஷம் மழைக்காலத்தில் உண்டானது. நான் பஜார் ரோடு வழியாக வேலைக்குப் போகும்போது ஒரு பண்டகசாலை வாசலில் அரிசி லாரி நின்றது. மழை பிடித்ததும் உள்ளேயிருந்து ஓடி வந்து மூட்டைகளின் மேல் தார்ப்பாய் போர்த்தினார்கள். சுமக்கிறவர்களைத் தாழ்வாரத்தில் ஏற விடவில்லை, தரை ஈரமாகும் என்றார்கள். அவர்கள் மழையிலேயே நின்றார்கள். நான் குடையோடு போய்க்கொண்டிருந்தேன், வெட்கமாக இருந்தது. அதை அன்று சாயங்காலம் மஜீதிடம் அவர் கடையில் வைத்துச் சொன்னேன். அவர், “அது நம்ம கடைத் தார்ப்பாயாக்கும், விசாலம்” என்றார். அதன் பிறகு அவர் சொன்ன அடிதான் “மூட்டைக்குத் தார்ப்பாய், முதுகுக்கு வானம்” என்பது. பல்லவி என்னுடையது. “மேகம் கறுத்தாச்சு, கலாபம் விரியட்டும்” என்று போட்டேன்.

கலாபம் என்றால் மயில்தோகை. அம்மா பாடும் முருகன் பாட்டுகளில் அந்தச் சொல் வரும். மேகம் கறுத்தால் மயில் ஆடும், மழையில் நிற்கிறவர்களுக்கும் அப்படி ஒரு நாள் வரட்டும் என்று நினைத்து எழுதினேன். பாட்டு முழுவதையும் மஜீத் மலையாள எழுத்தில் எழுதிக்கொண்டார். அவர் என்னிடம் அர்த்தம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தெரிந்த சொல்லுக்கு யாரும் அர்த்தம் கேட்பதில்லை.

அதன் பிறகு தேவராவில் பிச்சுமணி என்பவர் தம் வீட்டு முன்னறையில் சுவரெல்லாம் மெத்தை அடித்து நடத்தும் ஸ்டுடியோவில் பதிவு செய்தோம். கப்பல் கட்டும் தளத்தின் சங்கு ஊதும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பாடினோம். இந்தப் பாட்டு மட்டும் ஒரே மூச்சில் சரியாக வந்தது. கலாபம் என்ற சொல் வரும் இடத்தில் எல்லாம் மஜீத் தொண்டை கிழியக் கத்தினார். மைக்கை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்லிப் பிச்சுமணி அவரைக் கையால் பின்னுக்குத் தள்ளினார். ஒரு மயிலுக்கு இவ்வளவு கோபம் எதற்கு என்று நான் நினைத்தேன், ஆனால் கேட்க நன்றாக இருந்ததால் விட்டுவிட்டேன். முழுவதையும் போட்டுக் கேட்டபோது என் வாழ்நாளில் இதற்கு முன் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை என்று தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

ஒலிநாடாவுக்கும் ‘கலாபம்’ என்றே பெயர் வைத்தோம். அட்டை அச்சடிக்கும் வேலையை மஜீத் பார்த்துக்கொண்டார். மலையாளத்தில் பெயரும், பின்னால் செம்மஞ்சள் நிறத்தில் விரிந்து நிற்கும் ஒரு படமும் போட்டு வந்தது. அதை நான் தோகை என்றே எடுத்துக்கொண்டேன். படம் போடுகிறவருக்கு மயில் அவ்வளவாக வராது போலிருக்கிறது, பாவம் என்று நினைத்து ஒன்றும் சொல்லவில்லை. அது தீ என்பது இன்று காலை ஸ்டேஷனில்தான் தெரிந்தது.

ஒலிநாடா அதிகம் போகவில்லை. பஜார் ரோட்டில் ஒரு சாயாக்கடையில் மட்டும் அதைத் தினமும் போட்டார்கள். இந்த மாதம் மழை கனத்தபோது, அதே பண்டகசாலை வாசலில் சுமட்டுக்காரர்கள் மூட்டையை இறக்காமல் இந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு எல்லோருமாகத் தாழ்வாரத்தில் ஏறி நின்றதாகச் சொல்கிறார்கள். நான் அதைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாருக்கும் அடி இல்லை, ஒரு மூட்டையும் நனையவில்லை. அதன் பிறகு பண்டகசாலைக்காரர், இந்துவும் முஸ்லிமும் சேர்ந்து ஊரில் கலாபம் விரியட்டும் என்று பாடி நாடா விற்கிறார்கள் என்று புகார் கொடுத்தார். மலையாளத்தில் கலாபம் என்றால் கலவரம். போலீசார் மஜீதின் கடைக்கு வந்து கையிருப்பு நாடாக்களையும், எங்களிடம் இருந்த ஒரே மூலநாடாவையும் எடுத்துப் போனார்கள். எங்கள் இருவரையும் வரச் சொன்னார்கள்.

முதலில் என்னை விசாரித்தார்கள். மயில்தோகை என்று சொன்னேன். ஏட்டு முத்துராமலிங்கமும் தமிழில் அப்படித்தான் என்று எஸ்.ஐ. அவர்களுக்கு எடுத்துச் சொன்னார். எஸ்.ஐ. சிரித்துவிட்டு, அப்படியானால் கேஸே இல்லை என்றார். எனக்கு உயிர் வந்தது. அதன் பிறகு என்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்து மஜீதைக் கூப்பிட்டார்கள். கதவு திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது. கலாபம் என்றால் என்ன என்று கேட்டதற்கு அவர், “கலாபம்னா கலாபம்தான் சார், வேறென்ன?” என்றார். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அனுமதி கேட்காமல் உள்ளே போய்விட்டேன், அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

“மஜீதே, அது மயில்தோகையாக்கும்!” என்றேன்.

“மயிலா? நம்ம பாட்டுல ஏது மயிலு?” என்றார்.

“மேகம் கறுத்தா மயில் ஆடாதோ? இத்தனை நாளா நீ என்னன்னு நெனச்சுண்டு கத்தினே?”

“நீ எங்கிட்டச் சொல்லவேயில்லையே, விசாலம். நீ எழுதுனது கலாபம்னு நெனச்சு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா!”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரே மைக்கின் முன்னால் தோளோடு தோள் நின்று ஒரே சொல்லைப் பாடியவர்கள் நாங்கள். அதன் பிறகு ஒரு போலீஸ்காரர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். அதைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, மஜீதும் சிரித்தார். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். ஸ்டேஷனில் சிரிக்கக்கூடாது என்று சொன்ன பிறகு நிறுத்திக்கொண்டோம்.

அதன் பிறகு எஸ்.ஐ. மஜீதை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் மரியாதையாகவே பேசினார். பாட்டை எழுதியவர் நீங்கள், அது மயிலைப் பற்றிய பாட்டு, அதில் அரசியல் இல்லை, மஜீத் தமிழ் தெரியாமல் தப்பாகப் புரிந்துகொண்டு பாடிவிட்டார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் மூலநாடாவை இன்றே கொண்டுபோகலாம் என்றார். இல்லாவிட்டால் அது கோர்ட்டுக்குப் போகும், எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார். அகராதியில் மயில் இருக்கலாம், பஜார் ரோட்டில் கலாபம்தான் இருக்கிறது என்றும் சொன்னார். அவர் சொன்னது சரிதான்.

அந்த நாடா எனக்கு வேண்டும். அது போனால் மறுபடியும் ஸ்டுடியோவுக்குப் போக எங்களுக்கு வழியில்லை, போனாலும் அந்தப் பாட்டு அப்படி வராது. எழுதிக்கொடுக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மஜீதும் வெளியிலிருந்து, “மயில்னே எழுதிக்கோ விசாலம், எனக்குத் தமிழ் தெரியாதுன்னு போட்டுக்கோ, டேப்பு கிட்டட்டும்” என்றார். நீ சும்மா இரு என்று சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு யோசித்துப் பார்த்துச் சொல்கிறேன். மயில் இல்லாவிட்டால் அந்தப் பல்லவி எனக்கு வந்திருக்காது. ஆனால் சாயாக்கடையில் கேட்டவர்கள் எல்லோரும் மலையாளிகள். அவர்கள் என் சொல்லைக் கேட்கவில்லை, மஜீதின் சொல்லைத்தான் கேட்டார்கள். மயிலைக் கேட்டு யாரும் தாழ்வாரத்தில் ஏறவில்லை. எந்தப் பாட்டு அவர்களை மழையிலிருந்து உள்ளே ஏற்றியதோ அது அவர் பாடிய பாட்டு. அதைத் தப்பு என்று என்னால் எழுத முடியாது. நாடா கோர்ட்டுக்குப் போவதானால் போகட்டும். எனக்கு வருத்தம் உண்டு, பயம் இல்லை. மாஜிஸ்திரேட் அவர்கள் இந்த ஒரு பாட்டை மட்டும் கேட்காமல் ஒன்பதையும் கேட்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். எங்கள் நாடாவை முழுவதும் கேட்டவர்கள் குறைவு.

இதை ஏட்டு முத்துராமலிங்கம் எனக்கு வாசித்துக் காட்டினார். வற்புறுத்தல் ஏதும் இல்லாமல் என் மனதார இதைச் சொல்லியிருக்கிறேன். நான் சொன்னது உண்மை. மஜீத் சொன்னதும் உண்மை.

(ஒப்பம்) வி. விசாலாக்ஷி
மட்டாஞ்சேரி, 1982 ஜூலை