ஜெனீவாவில பின்னின வலை

வேலையோ? வலை பின்னுறதுதான் அண்ணை. சிரிக்காதேங்கோ, பொருளியல் வலை. ஜெனீவாவில ஒரு ஆராய்ச்சி நிறுவனம். கம்யூனிசம் விழுந்த நாடுகள் இருக்குதெல்லோ, பல்கேரியா, ருமேனியா, அந்தப் பக்கம், அங்கத்தைப் பொருளியல் ஆக்களை எல்லை தாண்டி ஒண்டாக்கிறதாம். மாறுகின்ற நாடுகள் எண்டு அதுகளுக்குப் பேர் வைச்சிருக்கினம். என்னவா மாறுது எண்டு கேட்டால் இன்னொரு மாநாடு வைப்பினம்.

ஓம், நானும் பொருளியல்தான், பேராதனைக் கம்பஸ். அதைப் பாத்துத்தான் எடுத்தவை. எடுத்துப்போட்டு விமான ரிக்கற், விசா, கோப்பி, இதுகளைப் பாக்க விட்டிட்டினம். கதவில மட்டும் உதவி ஆராய்ச்சியாளர் எண்டு வடிவாப் போட்டிருக்கு.

எங்கட பணிப்பாளருக்குக் கோபமே வராது எண்டு எல்லாரும் புளுகுவினம். மற்ற ஆக்களைக் கவனிச்சால்தானே கோபம் வரும்! அவற்ற அறையில பெரிய ஐரோப்பாப் படம். ஊருக்கு ஊர் ஊசி குத்தி, ஒவ்வொரு ஊசியிலயும் ஒரு சிவப்பு நூல். எல்லா நூலும் எங்க வருது? ஜெனீவாவுக்கு. பல்கேரியாவுக்கும் ருமேனியாவுக்கும் நடுவில ஓடுறது ஒரு ஆறு. அந்த ரெண்டு ஊசிக்கும் இடையில நூல் இல்லை. ஏன் எண்டு கேட்டனான். அவையள் இன்னும் அதுக்குத் தயாரில்லையாம். பக்கத்து வீட்டோட கதைக்க என்னத்தைத் தயாராகிறது, சொல்லுங்கோ?

இதில மிலேனா எண்டு பெல்கிரேட் பிள்ளை ஒண்டு. சாக்ரெப்பில டாவோர் எண்டு ஒரு ஆள். யூகோஸ்லாவியா ஒரு நாடா இருக்கேக்க ஒண்டாப் படிச்சதுகள். ஒரு பக்கத்தில தோல் பதனிடுறவை, மற்றப் பக்கத்தில சப்பாத்துத் தொழிற்சாலை. நடுவில திடீரெண்டு எல்லை விழுந்தால் அந்தச் சனத்துக்கு என்ன நடக்கும்? இதைத்தான் ரெண்டு பேரும் சேந்து எழுதத் தொடங்கினவை. எங்கட இடத்தில நடந்த ஒரே உருப்படியான ஆராய்ச்சி அது.

பிறகு சண்டை. ரெண்டு ஊருக்கும் நடுவில ரெலிபோன் லைனை வெட்டிப்போட்டாங்கள். கடிதமும் போகாது. பெல்கிரேட்டுக்கு உலகமே தடை போட்டிட்டுது. எங்கட ஆள் என்ன செய்தவர்? படத்தில பெல்கிரேட் ஊசியைப் பிடுங்கி மேசை லாச்சிக்குள்ள போட்டார். அவ்வளவுதான், மிலேனா எண்டு ஒருத்தி பிறக்கவே இல்லை.

ஆனால் பாருங்கோ, ரெண்டு பேருக்கும் ஜெனீவாவுக்கு லைன் கிடைக்குது. என்ர மேசையில ரெண்டு ரெலிபோன். ஒண்டில அவள், மற்றதில அவன். நான் ரெண்டு ரிசீவரையும் ஒண்டுக்கொண்டு தலைகீழா வைச்சு, ஒண்டின்ர வாயை மற்றதின்ர காதில பிடிச்சன். கேட்டுதாம்! கத்தித்தான் கதைக்கவேணும், எண்டாலும் கேட்டுது. பணிப்பாளர் சாப்பிடப் போற நேரமாப் பாத்து, கை உளைய உளைய அதைப் பிடிச்சுக்கொண்டு இருப்பன். தோல், சப்பாத்து, வேலை போன சனம், எல்லாம் அதுக்குள்ளாலதான் போய் வந்தது. அவையின்ர பாசை எனக்கு விளங்காது. ஒருநாள் டாவோர் என்னவோ கேக்க, அவள் அழத் தொடங்கினாள். அது விளங்கிச்சுது. பிறகு சொன்னாள், அம்மா சுகமோ எண்டு கேட்டவனாம்.

ஓம், பிடிபட்டனான். அவர் வந்து பாத்திட்டு, சத்தமில்லாமல் ஒரு ரிசீவரை என்ர கையிலயிருந்து வாங்கி வைச்சார். மிலேனா பக்கத்து ரிசீவர். அப்பவும் கோபம் வரேல்லை. மதாம், எங்களுக்கெண்டு ஒரு ஒழுங்கு இருக்கு எண்டார்.

நிப்பாட்டுவனோ நான்! அவற்ற சாப்பாட்டு நேரத்தை விட்டிட்டு, அவற்ற விமானப் பயணத்தைப் பிடிச்சன். ரிக்கற் போடுறது நான்தானே, எப்ப ஆள் இருக்காதெண்டு எனக்கெல்லோ தெரியும்.

கட்டுரை முடிஞ்சுது. ஏரிக்கரை ஹோட்டலில வருடாந்தக் கூட்டம். பணிப்பாளர் டாவோரை மேடையில ஏத்தி, எங்கட வலையமைப்பின்ர வெற்றி எண்டு முழங்கினார். டாவோர் மைக்கைப் பிடிச்சுச் சொன்னான், இதில பாதி மிலேனா எழுதினது, அவளின்ர பேரை நீங்கள் வெட்டிப்போட்டியள், வலையமைப்பு எண்டு ஒண்டு இருந்ததெண்டால் அது பின்னுக்கு நிக்கிற அந்த மனுசியின்ர ரெண்டு கை எண்டு. எல்லாரும் திரும்பிப் பாக்கினம். நான் கோப்பித் தட்டோட நிக்கிறன்.

பணிப்பாளர் வெட்கப்பட்டவரோ எண்டோ கேக்கிறீங்கள்? நல்ல கேள்வி! எல்லாரையும்விடப் பலமாக் கை தட்டினது அவர்தான். அடுத்த வருச அறிக்கையின்ர அட்டைப்படம் என்ன தெரியுமோ? தலைகீழா வைச்ச ரெண்டு ரிசீவர். படப்பிடிப்பாளரைக் கூப்பிட்டு எடுத்தவை. பிடிச்சிருக்கிற கையும் என்ரதில்லை, ஆரோ நகப்பூச்சுப் பூசின பிள்ளையின்ர.

இப்ப அங்க லைன் வந்திட்டுது. அவையள் நேரக் கதைக்கினம். எங்கட நிறுவனத்தைத் தேடுறதே இல்லை. அதுதான் எனக்குப் பெரிய சந்தோசம்.

உங்களுக்கு அலுப்போ? இல்லை, பாவம், வந்து இறங்கின களையும் மாறேல்லை, இந்த அகதி முகாம் மண்டபத்தில இருத்தி வைச்சு நான் அளந்துகொண்டிருக்கிறன். ஜெனீவாவிலயிருந்து கூர் எண்ட இந்த ஊருக்கு முழு சுவிசையும் கடந்தெல்லோ வரவேணும். வரேக்க ரயிலில யோசிச்சனான், கண்ட உடன கேட்டிடவேணும் எண்டு. உங்களைக் கண்டவுடன வாய் வேற எங்கயோ போயிட்டுது.

திரிம்பாக்கில இருக்கிற எங்கட சனத்தின்ர கோயிலில சொல்லிச்சினம், யாழ்ப்பாணம் கம்பஸ் நூலகத்தில இருந்த சச்சிதானந்தன் இங்க வந்திருக்கிறார் எண்டு. பொருளியலில யோகராஜா எண்டு ஒரு விரிவுரையாளர்... ஓம் ஓம், எடுத்த புத்தகத்தைத் திருப்பித் தராத ஆள்தான். என்ர மனுசன். பெடியளின்ர சோதினை முடிய வாறன் எண்டு அங்க நிண்டவர். ஒக்டோபரில ஆமி வர, சனம் முழுக்க யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டதுக்குப் பிறகு ஒரு சொல்லும் வரேல்லை.

கண்டனீங்களோ! எங்க? நாவற்குழிப் பாலத்தடியிலயோ? மழையுக்கையோ... சைக்கிளில புத்தகப் பெட்டியோ? சனம் அரிசியும் பாயும் கொண்டு ஓடேக்க! அதுதான், ஆள் மாறேல்லை.

பிறகு?

பாலத்துக்கு அங்கால வந்தவரோ?

ஏன் அண்ணை குனியிறீங்கள்? சொல்லுங்கோ. நான் இனிக் கதைக்கேல்லை.