பீடத்தில் முடுக்கிய நாற்காலி

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, மூப்பரின் துணைவியாரே, ஆலயக் கதவைச் சாத்திவிட்டதால் அவருடைய மரப்பட்டறையில் கூடியிருக்கும் சபை மக்களே! அழுவதற்காக நான் எழுந்து நிற்கவில்லை. எனக்கு வயிறு எரிகிறது.

நம் சபையின் மூப்பர், கைதேர்ந்த தச்சர், மட்டம் பார்க்கும் கருவியின் பெயரால் நாம் ‘ரசமட்டம்’ என்று செல்லமாக அழைத்த பெரியவர் செவ்வாய்க்கிழமை கண்ணை மூடினார். இருபத்திரண்டு ஆண்டு ஊழியம் செய்தவருக்கு ஆலயத்தில் ஒரு ஜெபம் கிடையாதாம்! அப்படி என்ன குற்றம் செய்தார்? திருடினாரா? பொய் சொன்னாரா? ஒரு நாற்காலி செய்தார்!

போதகர் தமக்கு உயரமான நாற்காலி கேட்டார். ரசமட்டம் ஆலயத்தில் நாம் உட்காரும் பெஞ்சை அளந்து, அதே உயரத்தில் செய்துகொண்டு வந்து வைத்தார்.

“என்னய்யா, இவ்வளவு குட்டையா இருக்கு?”

“நீங்க எல்லாரும் சகோதரருங்கன்னு இயேசு சொன்னாரே ஐயா. அளவு அங்கதான் எடுத்தேன்.”

சிரிக்கிறீர்களா? அன்றும் சிரித்தோம். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனோம்!

அடுத்த வாரம் அந்த நாற்காலிக்கு அடியில் முக்கால் அடிப் பீடம் வந்தது. அடுத்த மாதம் மூப்பர் குழுவே கலைக்கப்பட்டது. இனி எல்லாம் போதகர் வைத்ததுதான் சட்டம். சபைக் கூட்டத்தில் எழுந்து நின்றவர் இவர் ஒருவரே. தலைவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்கிறது வேதம் என்றார் போதகர். மந்தையை அடக்கி ஆளாதீர்கள் என்று பேதுரு மூப்பர்களுக்கு எழுதியதும் அதே வேதம்தானே என்றார் இவர். அபிஷேகம் பெற்றவனைத் தொடாதே என்றார் போதகர்.

“அந்தப் பேதுருவையே பவுல் எல்லார் முன்னாலயும் கண்டிச்சாரே ஐயா! நீங்க பேதுருவைவிடப் பெரியவரா?”

பதில் வந்ததா? வந்தது! “நீ கோராகு! மோசேயை எதிர்த்த அவனைப் பூமி விழுங்கின மாதிரி உன்னையும் விழுங்கும்!” அன்றே அவர் பெயரைச் சபைப் பட்டியலிலிருந்து அடித்தார்கள்.

இறந்த பிறகாவது விட்டார்களா? அவருடைய துணைவியாரான இந்த அம்மாவிடம் மன்னிப்புக் கடிதம் ஒன்றை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டால் ஆலயக் கதவும் சபைக் கல்லறைத் தோட்டமும் திறக்குமாம்.

“அவரு கேக்காத மன்னிப்பை நான் எப்படிக் கேப்பேன்? பொது மயானத்துலயே வைங்க.”

அடடா, அதுவல்லவா விசுவாசம்! நம் நாக்கெல்லாம் அப்போது எங்கே போயிருந்தது?

என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன். சபைச் செயலாளர் நான். நாற்காலியைப் பீடத்தோடு சேர்த்து நான்கு ஸ்க்ரூ முடுக்கியவனும் நானே! போன மாதம் அவர் படுக்கையருகே உட்கார்ந்து அதைச் சொன்னேன்.

“தெரியும்யா. ஒரு ஸ்க்ரூ கோணலா நிக்குது. தச்சன் வேலையா அது?”

“அஞ்சு நிமிஷத்துல கழட்டியிருக்கலாமே அண்ணே?”

“நான் கழட்டினா அது என் கோபம். சபை கழட்டணும்.”

மூப்பரே, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால் கழட்டுகிறோம். இதோ உங்கள் ஸ்க்ரூடிரைவர், அம்மா கொடுத்தது. முடுக்கிய கையே கழட்டும். ஆனால் நான் தனியாகப் போனால் அது என் கோபம் மட்டும்தான். சபையே, யார் யார் வருகிறீர்கள்? உட்கார்ந்தபடியே தலையாட்ட வேண்டாம். எழுந்து நில்லுங்கள்!